ஸ்பானிய மொழியின் முன்னிலைப் பெயர்கள்

ஸ்பானிய மொழியின் முன்னிலைப் பெயர்கள் என்பவை, அம்மொழியில் எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசப் பயன்படும் 'து', 'வோஸ்', 'உஸ்தெத்', 'வோசோத்ரோஸ்', 'உஸ்தெதெஸ்' ஆகிய ஐந்து சொற்கள் ஆகும். முதல் மூன்றும் ஒருமை, பின்னிரண்டும் பன்மை. தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் ஆகிய சொற்கள் செய்யும் பணியை இவை ஸ்பானியத்தில் செய்கின்றன. (ஸ்பானியர் 'வ' எழுத்தைப் பெரும்பாலும் 'ப' போலவே ஒலிப்பர். 'வோஸ்' என்பது காதில் 'போஸ்' என்றே விழும். இக்கட்டுரை எழுத்து வடிவத்தைப் பின்பற்றுகிறது.)

ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழியான ஸ்பானியத்தைக் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே இச்சொற்களைச் சந்திக்கின்றனர். பாடநூல்கள் பொதுவாக, "து என்றால் நீ; உஸ்தெத் என்றால் நீங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் அந்த விதியோடு அர்ஜென்டினாவுக்குச் செல்லும் மாணவர் தெருவில் 'து' என்ற சொல்லைக் கேட்கமாட்டார். கொலம்பியாவின் சில பகுதிகளுக்குச் சென்றால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'உஸ்தெத்' என்று அழைப்பதைக் கேட்பார். இந்த வேறுபாடுகளின் காரணம் வரலாற்றில் உள்ளது. மரியாதைக்கென்று ஒரு சொல் தோன்றுகிறது; நாளடைவில் அது எல்லோருக்கும் வழங்கப்பட்டு மதிப்பிழக்கிறது; அந்த இடத்திற்குப் புதிய சொல் ஒன்று வருகிறது. ஸ்பானிய உலகின் ஒவ்வொரு பகுதியும் இந்த மாற்றத்தின் வெவ்வேறு கட்டத்தில் நின்றுவிட்டது.

லத்தீனில் இருந்த நிலை

ஸ்பானிய மொழி லத்தீனிலிருந்து பிறந்தது. பழைய லத்தீனில் முன்னிலைக்கு இரண்டே சொற்கள் இருந்தன: ஒருவருக்குத் 'தூ', பலருக்கு 'வோஸ்'. அடிமையானாலும் ஆளுநரானாலும் ஒருவர் என்றால் 'தூ' தான். சங்கப் பாடல்களில் புலவர் மன்னனை 'நீ' என்று விளித்ததைப் போன்ற நிலை இது.

ரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேரரசரைப் பன்மையில் 'வோஸ்' என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அரசவையில் தொடங்கிய மரியாதைப் பன்மை, ஐரோப்பாவில் லத்தீன் வழி வந்த பல மொழிகளுக்கும் பரவியது. பிரெஞ்சு மொழியில் இன்றும் ஒருவரை மரியாதையாக அழைக்கப் பன்மைச் சொல்லே பயன்படுகிறது. ஸ்பானியமும் இதே இடத்தில்தான் தொடங்கியது.

இடைக்காலத்தில் 'வோஸ்'

ஸ்பானிய இலக்கியத்தின் தொன்மையான படைப்புகளுள் ஒன்று 'மியோ சித்' காவியம். இன்று கிடைக்கும் அதன் கையெழுத்துப் படியில் 1207 என்னும் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. அதில் வீரன் சித்தும் அவன் மனைவி ஹிமேனாவும் ஒருவரையொருவர் 'வோஸ்' என்றே அழைக்கின்றனர். ஆனால் கணவன் நாடுகடத்தப்படும் வேளையில் ஹிமேனா கடவுளிடம் மன்றாடும்போது 'து' என்று அழைக்கிறாள். கணவனுக்கு மரியாதைச் சொல், கடவுளுக்கு ஒருமைச் சொல் என்பது தமிழ் வாசகருக்கு வியப்பளிக்காது. இறைவனை 'நீ' என்று அழைப்பது தமிழிலும் பக்தி மரபே.

இக்காலத்தில் 'வோஸ்' ஒருவருக்கும் பலருக்கும் பொதுவாக வழங்கியதால் குழப்பம் எழுந்தது. பன்மையைத் தெளிவாக்க, 'மற்றவர்கள்' எனப் பொருள்படும் 'ஓத்ரோஸ்' என்னும் சொல் அதனோடு சேர்க்கப்பட்டது. 'வோஸ் ஓத்ரோஸ்' என்பதே 'வோசோத்ரோஸ்' ஆயிற்று. 'நாங்கள்' எனப் பொருள்படும் 'நோஸ்' என்னும் பழைய சொல்லும் இவ்வாறே 'நோசோத்ரோஸ்' ஆனது. தமிழில் 'நீர்' என்னும் பன்மை ஒருவருக்கும் வழங்கத் தொடங்கியபின் 'கள்' சேர்ந்த 'நீங்கள்' பன்மைக்கு நிலைபெற்றதோடு இதனை ஒப்பிடலாம்.

1492: ஓர் இலக்கண நூல்

அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் எழுதிய காஸ்தீலிய இலக்கண நூல் 1492 ஆகஸ்ட் 18 அன்று சலமாங்கா நகரில் அச்சாகி முடிந்தது. காஸ்தீலியம் என்பது ஸ்பானிய மொழிக்கு மற்றொரு பெயர். அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட இந்நூலின் ஐந்தாம் பகுதி, ஸ்பானியத்தை அயல்மொழியாகக் கற்க விரும்புவோருக்கென்றே எழுதப்பட்டது. அதே ஆகஸ்ட் 3 அன்று கொலம்பஸ் கடற்பயணம் புறப்பட்டிருந்தார். அதே ஆண்டில் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

வெளியேறிய யூதர்களில் பலர் உதுமானியப் பேரரசின் சலோனிக்கா, இஸ்தான்புல் போன்ற நகரங்களில் குடியேறினர். அவர்கள் வழிவந்தோர் பேசும் யூத ஸ்பானியத்தில் 'உஸ்தெத்' என்னும் சொல் இல்லை. ஒருவரை மரியாதையாக அழைக்க அவர்கள் பயன்படுத்தும் சொல் 'வோஸ்'. ஸ்பெயினில் பின்னர் நேர்ந்த மாற்றம் அவர்களைச் சென்றடையவில்லை. நாடிழந்தோர் நாவில் பழைய மரியாதை அப்படியே தங்கிவிட்டது.

'வோஸ்' மதிப்பிழத்தல்

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் பேரரசாக வளர்ந்தது. பதவியும் பட்டமும் தேடுவோர் பெருகினர். 'வோஸ்' என்னும் சொல் கண்டவருக்கெல்லாம் வழங்கப்பட்டதால் அதில் மரியாதை குறைந்தது. உயர்ந்தோர் புதிய சொற்களை எதிர்பார்த்தனர். 'உங்கள் அருள்' எனப் பொருள்படும் 'வுவெஸ்த்ரா மெர்செத்', 'உங்கள் பிரபுத்துவம்' எனப் பொருள்படும் 'வுவெஸ்த்ரா செஞோரியா' போன்ற தொடர்கள் பரவின.

அந்நாளில் இது வெறும் இலக்கணச் சிக்கலாக இருக்கவில்லை. கவிஞரும் தூதுவருமான தியேகோ உர்தாதோ தே மென்தோசாவின் கடிதம் ஒன்று, ஆலோசனை மன்றத்தில் ஒரு செயலர் மற்றொருவரை 'வோஸ்' என்று அழைத்ததற்காக இருவரும் ஆயுதம் எடுத்து மோதிக்கொண்டதைக் குறிப்பிடுகிறது. நிலைமை கைமீறியதால் மன்னர் இரண்டாம் பிலிப்பு 1586இல் மரியாதைச் சொற்களை ஒழுங்குபடுத்தும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். யாருக்கு எந்தப் பட்டத்தைச் சொல்லலாம், கடிதத்தை எவ்வாறு தொடங்கலாம் என்று அது வரையறுத்தது. தமக்கு எழுதும் கடிதங்களின் தலைப்பிலும் 'ஐயா' என்னும் பொருளுள்ள 'செஞோர்' என்ற ஒரு சொல் போதும் என்றார் மன்னர்.

1625இல் இலக்கண நூல் எழுதிய சலமாங்காப் பேராசிரியர் கொன்சாலோ கோர்ரேயாஸ், தம் காலத்தில் நால்வகை மனிதருக்கு நான்கு வகை அழைப்புகள் இருந்ததாகப் பதிவு செய்துள்ளார்.

1. 'வுவெஸ்த்ரா மெர்செத்' – மரியாதைக்குரியவர்களுக்கு.
2. 'எல்' ('அவர்' என்னும் படர்க்கைச் சொல்) – முழு மரியாதை தர மனமில்லை, 'வோஸ்' என்று தாழ்த்தவும் மனமில்லை என்ற நிலையில்.
3. 'வோஸ்' – வேலையாட்களுக்கும் உழவர்களுக்கும். சம்பிரதாயம் பாராத நண்பர்களுக்குள்ளும்.
4. 'து' – சிறுவர்களுக்கும் வீட்டில் இளையவர்களுக்கும்.

மன்னர்களை நோக்கிப் பேசும் உரைகளில் மட்டும் பழைய மரபுப்படி 'வோஸ்' மரியாதையாகவே நீடித்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஒரே சொல் மன்னனுக்கும் ஏவலாளுக்கும் வழங்கிய விந்தையான காலம் அது.

செர்வாண்டெஸ் எழுதிய 'டான் குயிக்சாட்' (1605, 1615) நாவலில் இந்த ஏற்றத்தாழ்வைத் தெளிவாகக் காணலாம். பணியாள் சான்சோ தன் எசமானை 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்கிறான். எசமான் அவனைப் பரிவோடு 'து' என்கிறார். கோபம் வந்தால் 'வோஸ்' என்று மாறிவிடுகிறார். மொழிபெயர்ப்பில் படிப்போருக்கு இந்தக் கோபம் பெரும்பாலும் தெரிவதில்லை.

'உஸ்தெத்' பிறந்த கதை

'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற நீண்ட தொடர் நாள்தோறும் புழங்கியதால் தேய்ந்தது. 'வுவெசா மெர்செத்' எனவும், 'வுஸ்தெத்' எனவும் குறுகி, 17ஆம் நூற்றாண்டில் 'உஸ்தெத்' ஆனது. 'வுவெஸ்த்ராஸ் மெர்செதெஸ்' என்ற பன்மைத் தொடர் 'உஸ்தெதெஸ்' ஆனது.

மாணவர்களைத் திணறவைக்கும் ஒரு விதிக்கு இங்கேதான் விடை உள்ளது. 'உஸ்தெத்' முன்னிலையைக் குறித்தாலும் அதனோடு படர்க்கை வினையே வரும். மூலத்தொடரின் தலைமைச் சொல் 'அருள்' என்னும் பெயர்ச்சொல் ஆகும். "தங்கள் அருள் என்ன விரும்புகிறது?" என்று கேட்டால் வினை படர்க்கையில்தானே வரும்? சொல் சுருங்கி அதன் மூலப்பொருள் மறந்துபோன பின்னும் வினைமுற்று பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

தமிழிலும் இத்தகைய இடமாற்றம் உண்டு. இன்று விண்ணப்பங்களில் முன்னிலையாக வழங்கும் 'தாங்கள்' என்பது 'தாம்' என்னும் படர்க்கைச் சொல்லின் வழி வந்ததே. நேராக 'நீ' என்று சுட்டுவதைத் தவிர்த்து, எதிரில் இருப்பவரை மூன்றாமவர் போலக் குறிப்பிடுவது இரு மொழிகளிலும் மரியாதையாகக் கருதப்பட்டது.

அமெரிக்கக் கண்டத்தில் இரு வழிகள்

ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய காலம், 'வோஸ்' மதிப்பிழந்துகொண்டிருந்த காலம். ஸ்பெயினில் மரியாதைக்கு 'உஸ்தெத்' நிலைபெற்றபின், நெருக்கத்திற்கு 'து', 'வோஸ்' என இரு சொற்கள் போட்டியிட்டன. இறுதியில் அங்கு 'து' வென்றது. 'வோஸ்' பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது.

அமெரிக்கக் கண்டத்தில் இந்த மாற்றம் ஒரே சீராகப் பரவவில்லை. அரசப் பிரதிநிதிகளின் தலைநகரங்களாக இருந்த மெக்சிகோ நகரமும் லீமாவும் ஸ்பெயினோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. அங்குப் பல்கலைக்கழகங்களும் இருந்தன. எனவே ஸ்பெயினின் புதிய வழக்கம் அங்கு விரைவில் வந்தது. இன்றும் மெக்சிகோவின் பெரும்பகுதி, பெருவின் பெரும்பகுதி, கரிபியத் தீவுகள் ஆகியன 'து' வழங்கும் நாடுகள். தலைநகரங்களிலிருந்து விலகியிருந்த அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்கா ஆகிய பகுதிகளில் 'வோஸ்' நிலைத்தது. கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் சில மாநிலங்களிலும் அது வழங்குகிறது.

'வோஸ்' வழங்கும் பகுதிகளில் வினைமுற்றும் பழைய பன்மையின் வழிவந்ததே. 'உன்னிடம் உள்ளது' எனப் பொருள்படும் வினையைக் கொண்டு இதனைக் காணலாம்:

- து தியேனெஸ்
- வோஸ் தெனெஸ்
- உஸ்தெத் தியேனெ
- வோசோத்ரோஸ் தெனெய்ஸ்
- உஸ்தெதெஸ் தியேனென்

'தெனெதெஸ்' என்ற இடைக்கால வடிவம் இரண்டாகப் பிரிந்து, ஸ்பெயினில் 'தெனெய்ஸ்' எனப் பன்மைக்கும், அர்ஜென்டினாவில் 'தெனெஸ்' என ஒருமைக்கும் நிலைத்தது. ஒரே வேரின் இரு கிளைகள் இவை.

பள்ளிக்கூடமும் 'வோஸ்' சொல்லும்

19ஆம் நூற்றாண்டில் புதிய குடியரசுகள் தோன்றியபோது, 'வோஸ்' பற்றிய விவாதம் வகுப்பறைக்குள் வந்தது. காரகாஸ் நகரில் பிறந்து 1829இல் சிலி நாட்டுக்கு வந்த அந்திரேஸ் பெல்லோ, சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக விளங்கியவர். அமெரிக்கக் கண்டத்தினருக்கென அவர் 1847இல் எழுதிய ஸ்பானிய இலக்கணம் இன்றும் போற்றப்படுகிறது. அமெரிக்க வழக்குகள் பலவற்றை ஆதரித்த அவரே, ஒருவரை 'வோஸ்' என்பதைக் கொச்சை என்று கண்டித்தார். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளின் பேச்சைத் திருத்த வேண்டும் என்றும் இதழில் எழுதினார்.

சிலிப் பள்ளிகள் இதனைத் தீவிரமாக மேற்கொண்டன. விளைவு பாதி வெற்றி, பாதி தோல்வி. 'வோஸ்' என்ற சொல் பெரும்பாலும் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் அதற்குரிய வினை விகுதி மறையவில்லை. இன்றைய சிலி இளைஞர் 'து' என்று எழுவாயைச் சொல்லிவிட்டு, 'வோஸ்' வழிவந்த வினையைச் சேர்த்துப் பேசுவது இயல்பு. ஆசிரியரின் காதில் விழுந்தது எழுவாய். விழாமல் தப்பியது விகுதி.

அர்ஜென்டினாவிலும் பள்ளிகள் 'து' என்பதையே கற்பித்தன. வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் 'வோஸ்' என்று பேசிய பிள்ளைகள், பாடநூலில் யாரும் பேசாத 'து' வைப் படித்தனர். தாயிடம் கற்ற சொல் தவறு என்பதே அவர்கள் பெற்ற முதல் இலக்கணப் பாடம். ஆயினும் மக்கள் தங்கள் சொல்லைக் கைவிடவில்லை. ஸ்பெயினைச் சேர்ந்த அறிஞர் அமெரிக்கோ காஸ்த்ரோ 1941இல் வெளியிட்ட நூலில், 'வோஸ்' வழக்கை அந்நாட்டுச் சமூக ஒழுங்கின்மையின் அடையாளமாகக் கண்டார். எழுத்தாளர் போர்ஹெஸ் அதே ஆண்டில் அதனை எள்ளி நகையாடி மறுப்புக் கட்டுரை எழுதினார்.

1964இல் தொடங்கிய 'மஃபால்டா' என்னும் புகழ்பெற்ற சித்திரத் தொடரில் சிறுமி மஃபால்டாவும் அவள் நண்பர்களும் 'வோஸ்' என்றே பேசினர். 1982இல் அர்ஜென்டினா மொழிக் கழகம் இவ்வழக்கைச் செம்மையான வழக்காக ஏற்றுக்கொண்டது. ஸ்பானிய மொழிக் கழகங்கள் இணைந்து 2009இல் வெளியிட்ட புதிய இலக்கண நூலின் வினை அட்டவணைகளில் 'வோஸ்' வடிவங்களும் இடம்பெற்றுள்ளன.

உள்நாட்டுப் போரும் 'உஸ்தெத்' சொல்லும்

ஸ்பெயினில் 'உஸ்தெத்' சொல்லும் சோதனைக்கு உள்ளானது. 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, பார்சிலோனா நகரம் தொழிலாளர் அமைப்புகளின் கையில் இருந்தது. அவ்வாண்டு இறுதியில் அங்குச் சென்ற ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 'செஞோர்', 'தொன்' ஆகிய மரியாதை அடைமொழிகளையும் 'உஸ்தெத்' என்ற சொல்லையும் யாரும் பயன்படுத்தவில்லை என்று தம் நூலில் (1938) எழுதினார். எல்லோரும் எல்லோரையும் 'தோழர்' என்றும் 'து' என்றும் அழைத்தனர். சமத்துவத்தை அவர்கள் முதலில் முன்னிலைப் பெயரில் கொண்டுவந்தனர்.

போரில் அந்தத் தரப்பு தோற்றது. 'உஸ்தெத்' மீண்டும் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஒலித்தது. எனினும், 1975இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்து மக்களாட்சி திரும்பியபின் 'து' பரவலாகியது. இன்றைய ஸ்பெயினில் கடைக்காரரும் வாடிக்கையாளரும், பேராசிரியரும் மாணவரும் 'து' என்று பேசிக்கொள்வது பொதுவழக்கு.

இதற்கு நேர்மாறாக, கோஸ்தா ரிக்காவில் குழந்தைகளையும் வளர்ப்பு நாயையும்கூட 'உஸ்தெத்' என்பவர்கள் உள்ளனர். கொலம்பியாவின் போயாகா மலைப்பகுதியில் 'உங்கள் அருள்' என்ற பழைய தொடரின் மற்றொரு வடிவம் 'சுமெர்செ' என்று குறுகி, தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் பாசச் சொல்லாக வாழ்கிறது. பிரபுக்களுக்காகப் பிறந்த தொடர் மலைக்கிராமத்து அடுப்படிக்கு வந்து சேர்ந்துள்ளது.

பன்மையில் உள்ள வேறுபாடு

ஸ்பெயினின் பெரும்பகுதியில் நெருங்கியவர்கள் பலரை 'வோசோத்ரோஸ்' என்றும், மரியாதைக்குரியவர்கள் பலரை 'உஸ்தெதெஸ்' என்றும் அழைப்பர். பெண்கள் மட்டும் இருந்தால் 'வோசோத்ராஸ்'. அமெரிக்கக் கண்டம் முழுவதிலும், ஸ்பெயினின் கனேரித் தீவுகளின் பெரும்பகுதியிலும், எல்லோருக்கும் 'உஸ்தெதெஸ்' ஒன்றே. அங்கெல்லாம் 'வோசோத்ரோஸ்' என்பது விவிலியத்திலும் பழைய மேடைப் பேச்சிலும் மட்டுமே கேட்கும் சொல்.

தமிழ் மாணவர் கவனத்திற்கு

தமிழறிந்த மாணவருக்கு இப்பாடத்தில் சில வசதிகள் உண்டு. ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் சொல்லதிகாரமே குறிப்பிடுவதால், மரியாதைப் பன்மை புதிதன்று. தமிழில் 'வருகிறாய்' என்றாலே 'நீ' விளங்கிவிடுவது போல, ஸ்பானியத்திலும் வினைமுற்றே இடத்தைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் முன்னிலைப் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை வருமாறு:

- 'உஸ்தெத்' படர்க்கை வினை கொள்வதால், 'தியேனெ' என்று மட்டும் சொன்னால் அவனா, அவளா, நீங்களா என்று தெரியாமல் போகலாம். எனவே ஐயம் வரும் இடத்தில் 'உஸ்தெத்' என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.
- உடைமை காட்டும் 'சு' என்ற சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. 'சு காசா' என்பது அவன் வீடு, அவள் வீடு, அவர்கள் வீடு, உங்கள் வீடு என நான்கையும் குறிக்கும். தெளிவுக்கு 'லா காசா தே உஸ்தெத்' (உங்களுடைய வீடு) என்பர்.
- 'வோஸ்' எழுவாயாகவும் முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும் மட்டுமே வரும். 'உன்னை', 'உனக்கு' என்னும் பொருளில் 'து' வுக்குரிய 'தெ' என்பதே அதற்கும் வரும். 'உன்னோடு' என்பது 'து' நாட்டில் 'கோந்திகோ'. 'வோஸ்' நாட்டில் 'கோன் வோஸ்'.
- ஏவல் வினையும் மாறும். 'வா' என்பதற்கு 'து' வழக்கில் 'வென்', 'வோஸ்' வழக்கில் 'வெனி', 'உஸ்தெத்' வழக்கில் 'வெங்கா'. 'வெனித்' என்ற பழைய பன்மை ஏவலின் இறுதி மெய் கெட்டதே 'வெனி' ஆகும்.
- புதியவர், முதியவர், அதிகாரி ஆகியோரிடம் 'உஸ்தெத்' என்று தொடங்குவது எங்கும் பாதுகாப்பானது. எதிரில் இருப்பவர் 'து' அல்லது 'வோஸ்' என்று அழைக்கச் சொன்னபின் மாறிக்கொள்ளலாம்.

இவ்விதிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்யலாம். ஆயினும் எந்த ஊரில் எந்தச் சொல் என்பதை அட்டவணை சொல்லாது. அவ்வூர் மக்கள் குழந்தையை, கடைக்காரரை, தாத்தாவை எப்படி அழைக்கின்றனர் என்று முதலில் காதுகொடுத்துக் கேட்ட பிறகே ஸ்பானியத்தின் 'நீ' கைவரும். தமிழை அயல்மொழியாகக் கற்க வரும் ஒருவர், 'நீ' எங்கே பாசம், எங்கே அவமதிப்பு என்று அறிந்துகொள்வதும் இதே வழியில்தான்.